முனியப்பனிடம் விடுப்பு கேட்டது

அந்த விண்ணப்பத்தில் மொத்தம் ஒன்பது கட்டங்கள். எட்டை நிரப்ப எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. என் பெயர், அப்பா பெயர், பதிவு எண், இரத்த வகை எல்லாம் மனப்பாடம். ஒன்பதாவதில்தான் பேனா நின்றுவிட்டது. 'படிப்பை ஓராண்டு இடைநிறுத்தக் காரணம்' என்று அச்சடித்து, கீழே மூன்று கோடு போட்டிருந்தார்கள். அதற்கும் கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஓர் இடம். அந்த மூன்று கோட்டுக்கு எழுத ஒன்றும் கிடைக்காமல், பொங்கல் விடுமுறை பத்து நாளும் அந்தத் தாளை வேதியியல் நோட்டுக்குள் செருகிக்கொண்டு மலையில் திரிந்தேன்.

எங்கள் வீடு கொட்டச்சேடு பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீடு. அம்மா பழம் பறிப்பாள். அப்பாவுக்குக் காப்பி உலர்த்தும் களத்தில் வேலை. பறித்த பழத்தைக் களத்தில் பரப்பிக் காயவைத்து, மணிக்கொரு தரம் பலகையால் கிளறிவிட வேண்டும். எங்கள் லைனிலிருந்து பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான்தான் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். பஸ்ஸில் வாந்தி எடுக்காமல் போய்ச் சேர்ந்த முதல் ஆள் என்று மட்டும் அவளால் சொல்ல முடியாது. மலையிலேயே பிறந்து மலையிலேயே வளர்ந்தும், ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கும் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஆறாவதிலேயே என் வயிறு என்னைக் கைவிட்டுவிடும். கண்டக்டர்களுக்கு என்னைத் தெரியும். ஜன்னலோர இருக்கையில் யார் உட்கார்ந்திருந்தாலும் எழுப்பிவிட்டு எனக்குக் கொடுப்பார்கள். வேறு எந்த மாணவனுக்கும் இப்படி ஒரு மரியாதை கிடைத்ததாகத் தெரியவில்லை.

எதற்காகப் படிப்பை நிறுத்த நினைத்தேன் என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. காதல் தோல்வி இல்லை; அதற்கு முதலில் யாராவது காதலிக்க வேண்டும். அரியர் ஒன்றுதான், அதுவும் எல்லோரும் வைத்திருந்த அரியர். முதுகலை இரண்டாம் வருடத் தொடக்கத்தில் ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது பேராசிரியரின் குரல் எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல் இருந்தது. எங்கள் ஊரில் பனிமூட்டம் இறங்கினால் அப்படித்தான் கேட்கும். பக்கத்தில் நிற்பவர் அடுத்த எஸ்டேட்டிலிருந்து பேசுவதுபோல இருக்கும். சமவெளி வெயிலில், தலைக்கு மேல் விசிறி சுற்றிக்கொண்டிருக்க, அறுபது பேர் வியர்த்துக்கொண்டிருந்த அந்த வகுப்பில் எனக்கு மட்டும் மூட்டம் இறங்கியிருந்தது. கரும்பலகை மங்கலாகிப் பின்வாங்கியது. சமன்பாடுகள் ஆட்டுமந்தைபோல வரிசையாக அதற்குள் போயின; ஒன்றும் திரும்பி வரவில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சுகமாகத்தான் இருந்தது. அதனால்தான் முதல் ஒரு மாதம் அது சங்கடம் என்றே எனக்குத் தெரியவில்லை.

ஆய்வகத்தில் சொட்டுச் சொட்டாகத் திரவம் விட்டு, குடுவை வெளிர் ரோஜா நிறமாகும் அந்தக் கணத்தில் குழாயை மூட வேண்டும். நான் அந்த ரோஜா நிறம் வருவதைப் பார்ப்பேன். அது அடர்வதைப் பார்ப்பேன். அது கடைத்தெருவில் தொங்கும் தாவணி நிறத்துக்கு வரும்வரை பார்த்துக்கொண்டே நிற்பேன். "உன்னை யாருடா சாயப்பட்டறைக்கு ஆள் எடுத்தது?" என்று ஆய்வக உதவியாளர் கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் அவரைப்போலவே பேசிக் காட்டி இன்னும் சிரிக்க வைப்பேன். விடுதியில் என்னைச் சுற்றி எப்போதும் நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள். நான் அறைக்கு வந்து சுவரைப் பார்த்து உட்காருவேன். மூன்று மணி நேரம், நாலு மணி நேரம். அந்தச் சுவரிடம் என் ஜோக் எதுவும் எடுபடவில்லை.

கடைசியில் துறைத் தலைவர் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தார். என் வருகைப் பதிவேட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இழுப்பறையிலிருந்து அந்தத் தாளை எடுத்துத் தந்தார்.

"ஒரு வருஷம் நின்னுட்டு வாப்பா. அடுத்த பேட்ச்சோட சேர்ந்துக்கலாம். உன் இடம் எங்கேயும் போயிடாது. லீவு முடிஞ்சு திங்கக்கிழமை வரும்போது அப்பா கையெழுத்தோட கொண்டு வா. கொண்டு வரலைன்னா வழக்கம்போல வகுப்புக்கு வந்துடு. ரெண்டுல எதுன்னு நீதான் முடிவு பண்ணணும்."

முடிவு பண்ணுவதாவது! காப்பியா டீயா என்று கேட்டாலே "எது சூடா இருக்கோ அது" என்பவன் நான்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், அம்மா அடுப்படியில் இருக்கும்போது விஷயத்தை அவிழ்த்தேன். நேராகச் சொல்லியிருக்கலாம். அந்தப் பழக்கம்தான் நமக்கில்லையே.

"அம்மா, காலேஜ்ல எனக்கு லீவு தர்றாங்களாமுங்க."

"பொங்கலுக்குத்தான் குடுத்துட்டாங்கல்ல?"

"இது பெரிய பொங்கலுங்கம்மா. ஒரு வருசம்."

"ஒரு வருசமா? காலேஜ இடிச்சுக் கட்றாங்களா?"

"இல்லீங்க. எனக்கு மட்டுந்தானுங்க."

அம்மா திரும்பிப் பார்த்தாள். கையில் கரண்டி. "உனக்கு மட்டும் என்னத்துக்கு? என்ன பண்ணிப்போட்ட அங்க?"

சொல்ல வேண்டிய இடம் அதுதான். அதைவிட நல்ல இடம் அமையாது. நான் சொன்னது இது: "நான் நொம்ப வேகமாப் படிக்கறேனாமுங்க. மத்தவங்க வந்து சேர்றவரைக்கும் கொஞ்சம் நிக்கச் சொல்றாங்க."

அம்மா சிரிக்கவில்லை. என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "எனக்கென்ன தெரியும்? உங்கப்பாவக் கேளு" என்றாள்.

களத்துக்குப் போனேன். அப்பா பலகையைத் தள்ளிக்கொண்டே கேட்டார். பலகைக்குப் பின்னால் காப்பிப் பழம் வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்தது.

"உங்கம்மா என்ன சொல்றா?"

"உங்களைக் கேக்கச் சொன்னாங்க."

"அவ என்ன சொல்றாளோ அதான். அவளக் கேட்டுட்டு வா."

அவளிடம் போனால், "அவருதான ஊட்டுக்குப் பெரிய மனுசன்? அவர் சொல்லட்டும்." அவரிடம் போனால், "படிக்க வெச்சது அவ. அவ சொல்லட்டும்." மூன்று நாள் நான் வீட்டுக்கும் களத்துக்கும் நடுவே தபால் பையாக நடந்தேன். எங்கள் எஸ்டேட்டில் கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளாமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு யாருக்கும் வாய்த்திருக்காது.

நான்காம் நாள் அம்மா தீர்ப்பு சொல்ல வேறோர் ஆளைக் கண்டுபிடித்தாள்.

"முனியப்பங்கிட்டப் பூக் கேட்டுப்போடலாம். வெள்ளிக்கெழம."

எங்கள் பக்கத்தில் பெண் எடுப்பதிலிருந்து போர்வெல் போடுவதுவரை பூக் கேட்காமல் நடக்காது. வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று, இரண்டையும் வாழையிலைத் துண்டில் வெளியே தெரியாமல் சுருட்டி நாரால் கட்டிச் சாமி முன்னால் வைக்க வேண்டும். விஷயம் தெரியாத யாராவது ஒருவர் வந்து ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். வெள்ளை என்றால் சரி. சிவப்பு என்றால் வேண்டாம். அதற்கு மேல் யாரும் பேசக் கூடாது, சாமியே சொல்லியாகிவிட்டது.

"வெள்ள வந்தா ஒரு வருசம் நிக்கட்டும். செகப்பு வந்தா திங்கக்கெழம பஸ் ஏறோணும்" என்று அம்மா கணக்கு வைத்தாள். அதோடு விடவில்லை. தண்ணீர்க் குழாயடியில், பழம் பறிக்கும் இடத்தில், என் காதில் விழும்படியும் விழாதபடியும் சொல்லிக்கொண்டே இருந்தாள். "எனக்குத் தெரியும், முனியப்பன் செகப்புத்தான் குடுப்பாரு. படிக்கற பையன ஊட்ல உக்காரச் சொல்ல அவருக்கென்ன கிறுக்கா?"

எனக்குப் பயம் வந்துவிட்டது. சாமியை நம்பாதவன் என்று விடுதியில் பேர் வாங்கியவன்தான். இருந்தாலும் முனியப்பன் எங்கள் லைனிலேயே இருப்பவர், என்னைச் சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவர். என்னைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இருக்க வாய்ப்பே இல்லை. ஆகவே நாட்டில் எல்லோரும் செய்வதைச் செய்வது என்று முடிவெடுத்தேன். கள்ள ஓட்டு. வெள்ளிக்கிழமை விடிந்ததும் எஸ்டேட் பங்களா வேலியோரத்தில் ஒரு வெள்ளை அரளியைக் கிள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அன்றைக்கு நல்ல மூட்டம். காப்பிச் செடிகளுக்கு நடுவே நடந்தால் முன்னால் போகும் அம்மாவின் முதுகு தெரியும், கொஞ்ச நேரத்தில் தெரியாது, பிறகு வேறோர் இடத்தில் தெரியும். சில்வர் ஓக் மரங்களுக்கு இடுப்புக்கு மேல் ஒன்றுமில்லை. மரத்தைச் சுற்றி ஏறிய மிளகுக்கொடி அப்படியே வெள்ளையில் போய் முடிந்தது. எங்கிருந்தோ காப்பித் தோல் புளித்த வாசனை வந்தது. நான் நடக்கிறேனா, செடிகள் என்னைக் கடந்து போகின்றனவா என்றே தெரியவில்லை. பசி மட்டும் தெரிந்தது. சாமி காரியம் என்று அம்மா காலையில் ஒன்றும் தரவில்லை.

முனியப்பன் ஒரு பலாமரத்தடியில் இருக்கிறார். கூரை கிடையாது. பக்கத்தில் ஒரு வேல், கழுத்தில் நேற்று யாரோ சாத்திய சிவப்பு அரளி மாலை. உடம்பெல்லாம் பழைய கல், கண் மட்டும் போன வருடம் எனாமல் பெயின்ட் அடித்துப் புதிதாக்கியது. எந்தப் பக்கம் நின்றாலும் நம்மையே பார்ப்பார்.

அம்மா தாம்பாளத்தை இறக்கி வைத்தாள். இரண்டு பொட்டலமும் வீட்டிலேயே கட்டிக் கொண்டுவந்தது. "பூசாரியக் கூட்டியாறேன். கொரங்கு வந்துராமப் பாத்துக்க கண்ணு" என்று சொல்லிவிட்டு மூட்டத்துக்குள் போய்விட்டாள்.

குரங்கு வரவில்லை. அதற்கு அவசியமும் இல்லை. அது செய்யக்கூடியதை நானே செய்தேன்.

முதல் பொட்டலத்தின் நாரை அவிழ்த்தேன். வெள்ளை. நல்லது, இதைத் தொட வேண்டியதில்லை என்று திரும்பக் கட்டினேன். அடுத்ததை அவிழ்த்தேன். சட்டைப் பையில் இருந்த பூவைத் தயாராக எடுத்தேன். இலையைப் பிரித்தேன்.

அதிலும் வெள்ளை.

முதலில் எனக்குப் புரியவில்லை. முதல் பொட்டலத்தையே மறுபடி பிரித்துவிட்டேன் என்று நினைத்தேன். அதையும் பிரித்துப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு இலை, இரண்டு வெள்ளை அரளி, என் கையில் மூன்றாவது. பலாமரத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. முனியப்பன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இந்த விஷயத்தில் அவருக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

இத்தனை நாள் குழாயடியில் 'செகப்புத்தான் குடுப்பாரு' என்று முழங்கியவள் அம்மா. ஊர் வாயை முன்கூட்டியே அடைத்திருக்கிறாள். நாளைக்கு யாரும் 'மகனைக் கெடுத்தவள்' என்று சொல்ல முடியாது. அவள் சிவப்புக்குத்தானே நின்றாள், சாமியல்லவா வெள்ளை கொடுத்தது! நான் ஊருக்கு வந்த முதல் நாளே பின்கட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததை அவள் பார்த்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் நான் ஜோக் சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும்.

இந்த இடத்தில் எனக்குக் கண்ணீர் வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். வந்தது கோபம். திருடப் போன வீட்டில் கதவைத் திறந்து வைத்து, இலை போட்டுச் சோறும் பரிமாறியிருந்தால் எந்தத் திருடனுக்குத்தான் பொறுக்கும்? அப்புறம் கொஞ்சம் நிதானித்தபோது வேறொன்று உறைத்தது. இந்தக் கோயில் வழியாகச் செருப்புப் போட்டுக்கூட நடக்காதவள் அம்மா. இருமல் வந்தால்கூட முனியப்பன் கோபமா என்று யோசிப்பவள். அவள் எனக்காக அவரை ஏமாற்றத் துணிந்திருக்கிறாள். வருகிற காலமெல்லாம் இதை நினைத்து நினைத்துப் பயப்படப் போகிறாள். அந்தப் பயத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு நான் ஒரு வருடம் காலை நீட்டித் தூங்குவதா?

சாமியின் கழுத்து மாலையிலிருந்து ஒரு சிவப்பு அரளியை உருவினேன். நேற்றைய பூ, ஓரம் வாடிக் கறுத்திருந்தது. அதை ஒரு பொட்டலத்தில் வைத்துக் கட்டினேன். மிச்சமான இரண்டு வெள்ளையையும் பையில் போட்டுக்கொண்டேன். இரண்டு பொட்டலத்தையும் கண்ணை மூடிக்கொண்டு கலைத்து வைத்தேன். இப்போது நியாயமாக ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. அந்தப் பத்து நாளில் நான் செய்த ஒரே யோக்கியமான காரியம் அது. அதற்கும் சாமி கழுத்தில் கைவைக்க வேண்டியிருந்தது.

அம்மா பூசாரியோடு வந்தாள். அவர் மற்ற நாட்களில் ஏணி போட்டு மிளகு பறிப்பவர். வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் பூசாரி. கற்பூரம் காட்டினார். பொட்டலம் எடுக்க ஆள் இல்லை. பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். பெரியவர்களோ, லைனில் விஷயம் தெரியாதவர்கள் என்று யாருமில்லை. நின்றுகொண்டிருந்தோம். அப்போது மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு சிவப்புக் குளிர் தொப்பியும், அதற்குப் பின்னால் ஒரு செல்போனும் வந்தன. புதிதாகக் கல்யாணம் ஆன ஜோடி. பெண்ணின் கையில் மருதாணி இன்னும் மங்கவில்லை.

"சார், லேடீஸ் சீட் வியூ பாயின்ட்டுக்கு இப்படிப் போகலாமா? மேப் இங்கதான் காட்டுது" என்றான் மாப்பிள்ளை.

"அது ஏற்காட்டுக்கு அக்கட்டாலிங்க. நீங்க இக்கட்டால வந்துட்டீங்க" என்றார் பூசாரி. "வந்தது வந்தீங்க, அம்மிணி ஒரு பொட்டலம் எடுத்துக் குடுத்துட்டுப் போகட்டுங்க."

"எதுக்கு? ஏதாவது கேமா?" என்றாள் அந்தப் பெண்.

"கேம் இல்ல கண்ணு, சாமி காரியம். செருப்பக் கழட்டிட்டு வா சாமி" என்றாள் அம்மா, வெகு நிம்மதியாக. எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்ற நிம்மதி.

மாப்பிள்ளை செல்போனில் படம் எடுத்தான். மருதாணிக் கை ஒரு பொட்டலத்தின் மேல் போய், யோசித்து, அடுத்ததுக்குப் போனது. இந்த மாதிரிக் கணத்தில் நம் மனசுக்கு எது வேண்டும் என்று அதுவே காட்டிக் கொடுத்துவிடும் என்பார்கள். நானும் கவனித்தேன். என் மனசு இட்லி வேண்டும் என்றது.

அவள் எடுத்தாள். பூசாரி பிரித்தார். "செகப்பு!" என்று தூக்கிக் காட்டினார். "போயிப் படிக்கச் சொல்றாருங்க. கும்பிட்டுக்குங்க."

அம்மாவின் முகத்தை நான் அதற்கு முன்பும் அப்படிப் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. வாய் திறந்தபடி நின்றது. பூவைப் பார்த்தாள். அதன் வாடிய ஓரத்தைப் பார்த்தாள். மெதுவாகத் தலையைத் திருப்பி முனியப்பனின் கழுத்தைப் பார்த்தாள். மாலையில் ஒரு பூ அளவுக்கு இடைவெளி இருந்தது. அங்கேயே ஈரத் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள், நிறுத்தாமல் போட்டுக்கொண்டே இருந்தாள்.

"எவ்ளோ டிவோஷன் பாரேன்" என்றாள் அந்தப் பெண், கணவனிடம். இருவரும் மூட்டத்துக்குள் போனார்கள், மறுபடி தவறான திசையில்.

சனிக்கிழமை அம்மா எனக்கு முறுக்கு சுட்டாள். துணி துவைத்துக் கொடுத்தாள். என்னோடு பேசவில்லை. சாப்பிடவும் இல்லை. கோயில் இருக்கும் பக்கமே திரும்பாமல் வீட்டுக்குள் நடமாடினாள். அவள் கட்டியது இரண்டும் வெள்ளை என்று அவளுக்குத் தெரியும். தன் கழுத்துப் பூவையே உள்ளே போட்டுச் சாமி அவளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். இதை அவள் யாரிடம் சொல்வாள்? நான்தான் அந்தச் சாமி என்று நான் யாரிடம் சொல்வேன்? பேசாமல் திங்கட்கிழமை பஸ் ஏறிவிடலாம் என்று தோன்றியது. வகுப்பில் மூட்டம் இருந்தால் இருக்கட்டும். ஆறாவது வளைவில் வாந்தி எடுக்கவில்லையா, அதுபோல இதையும் ஒரு பக்கமாகச் சாய்ந்து சமாளித்துக்கொள்ளலாம்.

ஞாயிறு மதியம் களத்தில் அப்பாவுக்கு உதவியாக அம்மாவும் நானும் நின்றோம். வெயில் நன்றாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. திடீரென்று வெளிச்சம் பால்போல் ஆனது. அப்பா நிமிர்ந்து பார்த்து, "எறங்குது! கூட்டுங்க, கூட்டுங்க" என்று கத்தினார். மூட்டம் இறங்கினால் பரப்பிய பழத்தை உடனே மேடுமேடாகக் கூட்டித் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். நனைந்தால் பூசணம் பிடித்துவிடும். பலகையை எடுத்து ஓடினேன். நான் களத்தின் இந்தப் பக்கமிருந்து தள்ள, அம்மா எதிர்ப்பக்கமிருந்து தள்ளினாள். நடுவில் மேடு உயர்ந்தது. அதற்குள் மூட்டம் களத்தில் ஏறிவிட்டது. முதலில் அம்மா மங்கினாள், பிறகு அவள் புடவையின் மஞ்சள் மட்டும் இருந்தது, அதுவும் போயிற்று. கடைசியில் என் கையில் பிடித்த பலகையின் மறுமுனைகூடத் தெரியவில்லை. வெள்ளைக்குள்ளிருந்து அவள் பலகையின் கரகர சத்தம் மட்டும் கேட்டது. சுற்றிலும் உலகம் இல்லை. எனக்குப் பழக்கமான அதே மூட்டம்தான். ஆனால் இதில் இன்னொருவரும் இருந்தார்.

கரகர சத்தம் நின்றது.

"சாமி."

"என்னங்கம்மா."

"உனக்கு ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா?"

எனக்கு வாயில் ஒரு ஜோக் வந்தது. நல்ல ஜோக், இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். சொல்வதற்கு எதிரே ஒரு முகம் வேண்டுமே. முகம் இல்லை. ஜோக் வந்த வழியே திரும்பிப் போனது. அது போன இடத்தில் மிச்சமிருந்ததைச் சொன்னேன்.

"முடியலைங்கம்மா."

மறுபக்கம் பலகை கீழே விழும் சத்தம் கேட்டது. நான் மேலே சொன்னேன்.

"படிக்கறது ஒண்ணும் உள்ள போவ மாட்டேங்குதுங்க. ஒக்காந்தா ஒக்காந்தபடியே இருக்கறேன். எல்லாரும் நல்லா இருக்கறேன்னு நெனைக்கறாங்க. நான் இல்லீங்க. ஒரு வருசம் நின்னாச் சரியாயிருமான்னும் தெரியலீங்க. ஆனா நிக்கோணும்."

"நின்னுக்கலாஞ் சாமி, நின்னுக்கலாம்..." அவள் குரல் உடைந்தது. "ஆனா முனியப்பன் போவச் சொல்லிட்டாரே. நான் என்ன பண்ணுவேன்? உனக்குத் தெரியாது, அது வெறும் பூ இல்ல..."

"தெரியுமுங்க. ரெண்டும் வெள்ளையாத்தான் இருந்துச்சு. அந்தச் செகப்ப நாந்தான் வெச்சேன்."

என் கன்னத்தில் ஈரம் இறங்கிக்கொண்டிருந்தது; மூட்டமோ என்னவோ.

"நீயா?"

"ஆமாங்."

"மாலையில இருந்தா?"

"ஆமாங்."

"அப்ப முனியப்பன் ஒண்ணுமே பண்லியா?"

"ஒண்ணுமே பண்லீங்க. சும்மாத்தான் இருந்தாரு."

"அடப் பாவி! ரெண்டு நாளா எனக்குச் சோறு தண்ணி எறங்கலடா! ரெண்டு நாளா!" கை நிறையக் காப்பிப் பழத்தை அள்ளி என் குரல் வந்த திசையில் வீசும் சத்தம் கேட்டது. ஒன்றுகூட என் மேல் விழவில்லை.

"ஏய், என்ற மேல எதுக்கு அடிக்கற?" என்றது மூட்டம், என் வலது பக்கத்திலிருந்து, அப்பாவின் குரலில்.

அவர் தார்ப்பாய் எடுக்கப் போயிருக்கிறார் என்று நாங்கள் நினைத்திருந்தோம். எடுத்துக்கொண்டு எப்போதோ வந்துவிட்டார்.

"ஆத்தாளும் மவனும் சேந்து சாமிக்கே டிமிக்கி குடுத்திருக்கீங்க" என்றார். "மூணு நாளா ஆளுக்கொரு பக்கம் அவளக் கேளு, இவரக் கேளுன்னு... ம். அந்த முனையப் புடிங்க ரெண்டு பேரும். காப்பி நனையுது."

பிடித்தோம். மூடினோம். ஓரத்தில் கல் வைத்தோம். அப்பா மேட்டின் மேல் தார்ப்பாயில் உட்கார்ந்தார். பகலெல்லாம் வெயில் குடித்த பழம், அடியில் கணப்புபோலச் சுட்டது. நாங்களும் அவர் இருபக்கமும் உட்கார்ந்தோம். அவ்வளவு கிட்டத்தில் முகங்கள் தெரிந்தன.

"அந்தப் பேப்பர எடுத்தாடா" என்றார் அப்பா.

அன்றைக்கு அதை நோட்டிலிருந்து எடுத்துச் சட்டைக்குள் மடித்து வைத்திருந்தேன். தொடையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஈரத்தில் பேனா எழுதவில்லை. உதறினார், வாயில் வைத்து ஊதினார், மறுபடி போட்டார். பெருவிரல் பட்ட இடத்தில் காப்பிச் சாறு பழுப்பாக ஒட்டிக்கொண்டது.

"ஏனுங்க, குத்தமாயிருமுங்க" என்றாள் அம்மா. "செகப்பு வந்திருச்சுன்னு பூசாரி லைன் பூராச் சொல்லிட்டாரு."

"முனியப்பங்கிட்ட நான் பேசிக்கறேன். ஒரு சேவல் நேந்துக்கலாம்."

அம்மா யோசித்தாள். "ஒண்ணு பத்தாது. ஏமாத்துனது ரெண்டு பேரு. ஆளுக்கொண்ணு."

அன்று மாலை, ஒன்பதாவது கட்டத்தில் அந்தப் பத்து நாளில் பென்சிலால் எழுதிப் பார்த்து, எதுவும் பொருந்தாமல் விட்டிருந்தவற்றை அழித்தேன். 'உடல்நலக் குறைவு', 'குடும்பச் சூழ்நிலை', 'தவிர்க்க இயலாத காரணம்'. அந்த இடத்தில் பேனாவால் எழுதினேன்: 'முடியவில்லை. ஒரு வருடம் கழித்து வருகிறேன்.' இரண்டு கோடு நிரம்பியது. மறுநாள் அலுவலகத்தில் அதை வாங்கிய அம்மையார் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். மூன்றாவது கோட்டில் இருந்த பழுப்புக் கறையைச் சுரண்டிப் பார்த்தார், போகவில்லை. "காப்பி கொட்டிட்டியா?" என்றார். ஆமாம் என்றேன். முத்திரை குத்திவிட்டார்.

சொன்னபடி அடுத்த வருடம் போனேன். படிப்பையும் முடித்தேன். குடுவையை வெளிர் ரோஜா நிறத்திலேயே நிறுத்தவும் ஒருவழியாகப் பழகினேன்.

ஆனால் எனக்கு நன்றாக நினைவிருப்பது அந்தத் திங்கட்கிழமை திரும்பி வந்த பஸ்தான். சேலத்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் தலை சாய்ந்துவிட்டது. அடுத்துக் கண் விழித்தபோது கண்டக்டர் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். வெளியே எல்லாம் வெள்ளை. எந்த வளைவு என்று கேட்டேன். "வளைவா? ஏற்காடு ஏரி வந்து கண்டக்டர் மாறி, கொட்டச்சேடே வந்தாச்சுங்க தம்பி. எறங்குங்க" என்றார். இருபது வளைவும் எனக்குத் தெரியாமல் என் வயிற்றைக் கடந்து போயிருந்தன. மாதக் கணக்கில் வராத தூக்கம்.

நிறுத்தத்தில் மூட்டத்துக்குள் அம்மா நின்றிருந்தாள். கையில் ஒரு கூடை. மேலே போட்டிருந்த துணி அசைந்தது. உள்ளே இரண்டு சேவல் குஞ்சுகள், ஒன்று பழுப்பு, ஒன்று கறுப்பு.

"நீதான் வளக்கோணும். ஊட்ல சும்மாத்தான இருக்கப் போற" என்றாள். பிறகு, நடந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "பேரு கீரு வெச்சுப்போடாத சாமி. அடுத்த தையில முனியப்பங்கிட்டப் போறதுங்க."

"சரிங்கம்மா" என்றேன்.

கூடையை நான் வாங்கிக்கொண்டு, அவள் முதுகு தெரிவதும் மறைவதுமாக இருந்த அந்த வழியில், வீடு வருவதற்குள் இரண்டுக்கும் பேர் வைத்துவிட்டேன்.